மனச்சோர்விலிருந்து மீள்தல்

மனச்சோர்விலிருந்து மீள்தல் என்பது, மனச்சோர்வு நோய்க்கு ஆளான ஒருவர் நோய்க்குறிகள் நீங்கி, நோய்க்கு முன்பிருந்த தமது இயல்பான வாழ்க்கைக்குத் திரும்புவதைக் குறிக்கும். இந்நோயிலிருந்து முழுமையாக மீள முடியுமா என்பது நோயாளரும் அவர்தம் குடும்பத்தினரும் பொதுவாக எழுப்பும் கேள்வி ஆகும். பலருக்கு அது இயலும் என்பதே ஆய்வுகள் தரும் விடை. நோயின் ஒரு தாக்கம் பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் நீங்கிவிடுகிறது. அவ்வாறு மீண்டவர்களுள் ஒரு பகுதியினருக்கு அது மீண்டும் வருவதேயில்லை. ஏனையோருக்கு விட்டுவிட்டு வருகிறது. சிறு பகுதியினருக்கு நீடித்து நிற்கிறது. எனவே "குணமாதல்" என்ற சொல்லால் எது கருதப்படுகிறது என்பதைப் பொறுத்தே இக்கேள்விக்கான விடையும் அமைகிறது.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2019 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 28 கோடிப் பேர் மனச்சோர்வுடன் வாழ்ந்தனர். ஆண்களை விடப் பெண்களிடையே இது கூடுதலாகக் காணப்படுகிறது.

சொல்லும் பொருளும்

தமிழில் மனச்சோர்வு, உளச்சோர்வு, மன அழுத்தம் ஆகிய சொற்கள் இந்நோயைக் குறிக்கப் பயன்படுகின்றன. இவற்றுள் மன அழுத்தம் என்பது வேலைப்பளு, தேர்வு, கடன் முதலியவற்றால் ஏற்படும் நெருக்கடி உணர்வையும் குறிப்பதால் குழப்பம் தரக்கூடியது. நெருக்கடி உணர்வு அதன் காரணம் நீங்கியதும் பெரும்பாலும் நீங்கிவிடும். மனச்சோர்வு நோய் அவ்வாறன்று. காரணம் நீங்கிய பின்னரும் தொடரலாம், வெளிப்படையான காரணம் எதுவுமின்றியும் தொடங்கலாம். இக்கட்டுரையில் மனச்சோர்வு என்ற சொல் நோயை மட்டுமே குறிக்கிறது.

அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஒன்பது அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் குறைந்தது ஐந்து, இரண்டு வாரங்களுக்கு ஏறத்தாழ நாள்தோறும் இருந்து, வாழ்க்கையைக் குலைக்குமாயின் அது பெரும் மனச்சோர்வு எனக் கொள்ளப்படும். அவ்வறிகுறிகளாவன:

* பெரும்பாலான நேரம் துயருற்ற மனநிலை
* முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் ஆர்வம் இன்மை
* பசியிலோ உடல் எடையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம்
* உறக்கமின்மை அல்லது மிகையான உறக்கம்
* பிறர் கவனிக்கும் அளவுக்கு உடலியக்கம் மந்தமாதல் அல்லது பதற்றமடைதல்
* களைப்பு
* தகுதியற்றவர் என்ற எண்ணம், பொருந்தாத குற்றவுணர்வு
* கவனம் செலுத்தவும் முடிவெடுக்கவும் இயலாமை
* சாவைப் பற்றிய தொடர்ச்சியான எண்ணம்

முதல் இரண்டில் ஒன்றேனும் கட்டாயம் இருத்தல் வேண்டும்.

மீள்தலின் படிநிலைகள்

1980கள் வரை ஆய்வாளர்கள் "குணமடைந்தார்" என்ற சொல்லை வெவ்வேறு பொருளில் பயன்படுத்தி வந்தனர். இதனால் ஓர் ஆய்வின் முடிவை மற்றொன்றுடன் ஒப்பிட இயலாதிருந்தது. 1991 ஆம் ஆண்டில் எல்லன் பிராங்க் தலைமையிலான குழுவினர் பின்வரும் ஐந்து நிலைகளை வரையறுத்தனர். இவ்வரையறைகளே, சிற்சில மாற்றங்களுடன், இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

* துலங்கல்: சிகிச்சையால் அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவு குறைதல். ஆய்வுகளில் இது வழமையாக, தொடக்கத்தில் இருந்ததில் பாதியாகக் குறைவதைக் குறிக்கும்.
* தணிவு: நோய் இருக்கிறது என்று சொல்ல முடியாத அளவுக்கு அறிகுறிகள் நீங்கிய நிலை.
* மீட்சி: தணிவு நிலை பல மாதங்கள் (பொதுவாக 4 முதல் 6 மாதங்கள்) நீடித்தல். அந்தத் தாக்கம் முடிந்துவிட்டது என்பது இதன் பொருள்.
* பின்னடைவு: மீட்சி எட்டப்படும் முன்னரே அறிகுறிகள் திரும்புதல். இது பழைய தாக்கத்தின் தொடர்ச்சியாகவே கருதப்படும்.
* மறுநிகழ்வு: மீட்சி அடைந்த பின்னர் புதிதாக மற்றொரு தாக்கம் ஏற்படுதல்.

துலங்கலுக்கும் தணிவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நடைமுறையில் முக்கியமானது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒருவரின் அறிகுறிகள் பாதியாகக் குறைந்தாலும் அவர் நோயாளராகவே இருப்பார். "மருந்து 60 விழுக்காட்டினருக்குப் பயன் தந்தது" என்பது போன்ற செய்தியைப் படிக்கும்போது, அது துலங்கலைக் குறிக்கிறதா, தணிவைக் குறிக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

அளவிடும் முறைகள்

மனச்சோர்வைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இதுவரை மருத்துவப் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆகையால் மீட்சியும் கேள்விகள் மூலமே அளவிடப்படுகிறது. மாக்ஸ் ஹாமில்டன் 1960 ஆம் ஆண்டில் வெளியிட்ட 17 கூறுகள் கொண்ட அளவுகோலில், 7 அல்லது அதற்குக் குறைவான மதிப்பெண் தணிவு எனப்படுகிறது. 2001 இல் வெளியான பி.எச்.கியூ-9 என்னும் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தை நோயாளரே நிரப்பலாம். இதில் மொத்த மதிப்பெண் 27. 5 இற்குக் குறைந்தால் தணிவு எனக் கொள்வர்.

உறக்கமின்மை, பசியின்மை, களைப்பு ஆகியவை நீங்குவதை இவ்வளவுகோல்கள் காட்டிவிடும். வாழ்வில் பிடிப்பு திரும்பியதா என்பதை இவை போதிய அளவு காட்டுவதில்லை என்ற குறை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது.

எத்தனை பேர் மீள்கின்றனர்?

ஒரு தாக்கத்தின் கால அளவு

நெதர்லாந்தின் பொதுமக்களிடையே நடத்தப்பட்டு 2002 இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வுக்கு ஆளானவர்களில் பாதிப் பேர் 3 மாதங்களுக்குள்ளும், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் 12 மாதங்களுக்குள்ளும் மீண்டனர். ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்கு இரண்டு ஆண்டுகள் கழிந்தும் நோய் நீங்கவில்லை.

நீண்டகாலப் போக்கு

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பொதுமக்களை 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 2008 இல் வெளியாயின. முதன்முறையாக மனச்சோர்வுக்கு ஆளானவர்களின் நிலை அதில் பின்வருமாறு இருந்தது:

* ஏறத்தாழ 50 விழுக்காட்டினர் மீண்டனர். அவர்களுக்கு நோய் மீண்டும் வரவில்லை.
* ஏறத்தாழ 35 விழுக்காட்டினருக்கு நோய் மீண்டும் வந்தது.
* ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு நோய் முற்றிலும் நீங்கவே இல்லை.

மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் இதைவிடக் கடுமையான படத்தைத் தருகின்றன. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் கூட்டு ஆய்வில், மீட்சி அடைந்தவர்களில் 85 விழுக்காட்டினருக்கு 15 ஆண்டுகளுக்குள் நோய் மீண்டும் வந்ததாக 1999 இல் அறிவிக்கப்பட்டது. இவ்விரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. உளமருத்துவப் பிரிவை நாடி வருவோர் கடுமையான நோயுடையோராகவோ ஏற்கனவே பலமுறை பாதிக்கப்பட்டோராகவோ இருத்தல் இயல்பு. ஒருமுறை பாதிக்கப்பட்டுத் தாமாகவே மீண்டவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. பாடநூல்களில் மனச்சோர்வு "வாழ்நாள் நோய்" என்று எழுதப்பட்டமைக்கு மருத்துவமனை ஆய்வுகளையே பெரிதும் நம்பியிருந்தது ஒரு காரணமாகும்.

ஸ்டார்-டி ஆய்வும் விவாதமும்

2001 முதல் 2004 வரை அமெரிக்காவில் 4,041 நோயாளர்களைச் சேர்த்து நடத்தப்பட்ட ஸ்டார்-டி, மனச்சோர்வுச் சிகிச்சை குறித்த மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்றாகும். முதற்கட்டமாக அனைவருக்கும் சிட்டலோபிராம் தரப்பட்டது. பயன் பெறாதவர்களுக்கு மருந்து மாற்றப்பட்டது அல்லது வேறொன்று சேர்க்கப்பட்டது. இவ்வாறு நான்கு கட்டங்கள் வரை சென்றது. முதற்கட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தணிவு நிலையை அடைந்தார். மூன்றாம், நான்காம் கட்டங்களில் அவ்விகிதம் 15 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. நான்கு கட்டங்களிலும் சேர்த்து 67 விழுக்காட்டினர் தணிவு அடையக்கூடும் என 2006 இல் ஆய்வாளர்கள் கணித்தனர்.

இக்கணிப்பு, இடையில் விலகியவர்களும் தொடர்ந்து இருந்திருந்தால் மற்றவர்களைப் போலவே பயன் பெற்றிருப்பர் என்ற அனுமானத்தின் மேல் அமைந்தது. ஆய்வுத் தரவுகளை மறுபகுப்பாய்வு செய்து 2023 இல் வெளியான கட்டுரை, தொடக்கத் திட்டத்தின்படி கணக்கிட்டால் அந்த அளவு ஏறத்தாழ 35 விழுக்காடே என்று கூறியது. முதல் ஆய்வாளர்கள் இதை மறுத்தனர். எவ்வாறாயினும், கட்டங்கள் கூடக்கூடத் தணிவு வாய்ப்புக் குறைவதும், பல கட்டங்களுக்குப் பின் மீண்டவர்களுக்குப் பின்னடைவு மிகுதியாக இருப்பதும் இரு தரப்பும் ஏற்கும் செய்திகளாகும்.

எஞ்சும் அறிகுறிகள்

பெரும்பாலான அறிகுறிகள் நீங்கிய பின்னும் சில எஞ்சி நிற்பதுண்டு. உறக்கக் குறைபாடு, களைப்பு, கவனக்குறைவு, மகிழ்ச்சியை முழுமையாக உணர இயலாமை ஆகியன அவற்றுள் முதன்மையானவை. வேலைக்குச் செல்லத் தொடங்கிவிட்டதால் குடும்பத்தினர் அவரை முற்றிலும் குணமடைந்தவராகக் கருதுவர். அவரோ ஒவ்வொரு நாளையும் பெருமுயற்சியுடன் கடத்திக்கொண்டிருப்பார்.

லூயிஸ் ஜட் குழுவினர் 1998 இல் வெளியிட்ட ஆய்வின்படி, எஞ்சிய அறிகுறிகளுடன் இருப்போருக்கு, அறிகுறிகள் முற்றிலும் நீங்கியோரை விட மும்மடங்குக்கும் மேல் விரைவாக நோய் திரும்புகிறது. "பெரும்பாலும் சரியாகிவிட்டது" என்ற நிலையோடு சிகிச்சையை நிறுத்திவிடாமல், அறிகுறிகள் முற்றிலும் நீங்கும் வரை தொடர்வதே இலக்காக இருத்தல் வேண்டும் என்ற கருத்து இதன்பின் வலுப்பெற்றது.

மறுநிகழ்வுக்கான காரணிகள்

* முந்தைய தாக்கங்களின் எண்ணிக்கை. எண்ணிக்கை கூடுந்தோறும் மறுநிகழ்வு வாய்ப்பும் கூடுகிறது.
* எஞ்சிய அறிகுறிகள்
* குழந்தைப் பருவத்தில் நேர்ந்த கொடுமை அல்லது புறக்கணிப்பு
* இளவயதில் நோய் தொடங்குதல்
* பதகளிப்பு நோய், மது அடிமைத்தனம், நாட்பட்ட உடல்நோய் ஆகியவை உடனிருத்தல்
* குடும்ப வன்முறை, வறுமை, தனிமை போன்ற சூழல் மாறாதிருத்தல்

முதல் தாக்கம் பெரும்பாலும் இழப்பு, பிரிவு, அவமானம் போன்ற ஒரு நிகழ்வை ஒட்டி வருகிறது. தாக்கங்கள் பல ஏற்பட்டவரிடம் இத்தொடர்பு தளர்ந்து, சிறு தூண்டுதலாலோ தூண்டுதல் இன்றியோ நோய் வரக்கூடும் என்பதைக் கென்னத் கெண்ட்லர் முதலியோரின் இரட்டையர் ஆய்வுகள் சுட்டின. முதல் தாக்கத்திலேயே நல்ல சிகிச்சை பெறுவதன் தேவையை இது காட்டுகிறது.

சிகிச்சையும் மீட்சியும்

மருந்து

மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளாகிய இமிப்பிரமின், ஐப்ரோனியசிட் ஆகியவற்றின் பயன் 1950களில் கண்டறியப்பட்டது. புளுவொக்செட்டின் 1987 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இம்மருந்துகள் பயன் தர வழமையாக 2 முதல் 6 வாரங்கள் ஆகும். ஒரு வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்று கைவிடுவது பரவலாகக் காணப்படும் தவறாகும்.

குணமடைந்த பின்னும் மருந்தைத் தொடர்வது நோய் திரும்புவதைக் குறைக்கிறது. 31 ஆய்வுகளைத் தொகுத்து 2003 இல் வெளியான பகுப்பாய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 41 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது.

உளச்சிகிச்சை

1960களில் ஆரோன் பெக் உருவாக்கிய அறிதிறன் சிகிச்சை, "என்னால் எதற்கும் பயனில்லை" என்பது போன்ற எண்ணங்களை நோயாளரே சான்றுகளுடன் சோதித்துப் பார்க்கப் பழக்குகிறது. மிதமான மனச்சோர்வில் இதன் பயன் மருந்துக்கு இணையானது. சிகிச்சை முடிந்த பின்னும் கற்ற திறன் உடனிருப்பதால், மருந்தை மட்டும் எடுத்து நிறுத்தியோரை விட இவர்களுக்கு மறுநிகழ்வு குறைவு.

மறுநிகழ்வைத் தடுப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது விழிப்புணர்வுத் தியானம் சார்ந்த அறிதிறன் சிகிச்சை ஆகும். ஜான் டீஸ்டேல், சிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ் ஆகியோர் இதை வகுத்தனர். இங்கிலாந்தில் 424 பேரிடம் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வில், இச்சிகிச்சையுடன் மருந்தைப் படிப்படியாகக் குறைத்தவர்களில் 44 விழுக்காட்டினருக்கும், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியது. எனவே நெடுங்காலம் மருந்து உண்ண விரும்பாதோருக்கு இது ஒரு மாற்றுவழியாக அமையலாம். எனினும் இரு குழுக்களிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்பியமை கவனிக்கத்தக்கது.

மின்னதிர்வு சிகிச்சை

1938 இல் இத்தாலியில் தொடங்கிய மின்னதிர்வு சிகிச்சை, இன்று மயக்க மருந்து தந்தே செய்யப்படுகிறது. மிகக் கடுமையான மனச்சோர்வில் இது விரைந்து பயன் தரக்கூடியது. ஆனால் இதனால் கிட்டும் தணிவு தானாக நிலைப்பதில்லை. 2001 இல் வெளியான ஓர் ஆய்வில், மின்னதிர்வுக்குப் பின் வெற்று மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 84 விழுக்காட்டினருக்கு ஆறு மாதங்களுக்குள் நோய் திரும்பியது. இரண்டு மருந்துகள் இணைத்துப் பெற்றவர்களிடம் இது 39 விழுக்காடாக இருந்தது. ஒருவரை நோயிலிருந்து வெளியே கொணர்வதும், வெளியே நிறுத்தி வைப்பதும் தனித்தனிப் பணிகள் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

மருந்தை நிறுத்துதல்

முழுமையாக மீள்வது என்றால் மருந்தின்றி வாழ்வதுதானா என்பது பலருடைய ஐயமாகும். முதன்முறை பாதிக்கப்பட்டவர்கள் அறிகுறிகள் நீங்கிய பின் குறைந்தது 6 மாதங்கள் மருந்தைத் தொடரவும், பலமுறை பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடரவும் வழமையாக அறிவுறுத்தப்படுகின்றனர்.

பல ஆண்டுகள் மருந்து உண்டு நலமாக உணர்ந்த 478 பேரிடம் இங்கிலாந்தில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2021 இல் வெளியானது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும், படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. இம்முடிவை இரு வகையாகவும் வாசிக்கலாம். நிறுத்துவதால் இடர் கூடுகிறது. அதே வேளையில், நிறுத்தியவர்களில் 44 விழுக்காட்டினர் நலமாகவே இருந்தனர்.

திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தெளிவான கனவுகள், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை தோன்றலாம். இவை நிறுத்தற்குறிகள் எனப்படும். நிறுத்திய சில நாட்களுக்குள் வருவதும், முன்பு நோயில் இல்லாத உடற்குறிகள் தென்படுவதும் இவற்றை நோயின் திரும்புதலிலிருந்து வேறுபடுத்திக் காட்டும். நோய் திரும்புவதாயின் வழமையாகச் சில வாரங்களோ மாதங்களோ கழிந்து மெல்லத் தொடங்கும். மருந்தைக் குறைப்பதை மருத்துவரின் மேற்பார்வையில், பல வாரங்கள் அல்லது மாதங்கள் எடுத்துச் செய்தல் வேண்டும்.

நோயாளர் நோக்கில் மீட்சி

மார்க் சிம்மர்மன் குழுவினர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், குணமடைந்ததாகக் கருத எது முக்கியம் என்று நோயாளர்களிடமே கேட்கப்பட்டது. அறிகுறிகள் இல்லாமையை விட நம்பிக்கை, தன்னம்பிக்கை போன்ற நற்பண்புகள் திரும்புதல், பழையபடி தாமாக இருப்பதாக உணர்தல், அன்றாடப் பணிகளைச் செய்ய இயலுதல் ஆகியவற்றையே அவர்கள் முதன்மையாகக் குறிப்பிட்டனர்.

இதனுடன் ஒத்துப்போவதாக உளநலத் துறையில் "தன்வழி மீட்சி" என்ற கருத்து உள்ளது. நோய்க்குறிகள் சில இருந்தாலும் பொருளுள்ள வாழ்வை வாழ இயலும் என்பது இதன் அடிப்படையாகும். 2011 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பிறருடனான பிணைப்பு, நம்பிக்கை, தன் அடையாளம், வாழ்வின் பொருள், தன் வாழ்வின் மீதான ஆளுமை ஆகிய ஐந்தையும் இதன் கூறுகளாக முன்வைத்தது.

அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஸ்டைரன் 1985 இல் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்ந்து மீண்டார். அப்பட்டறிவை 1990 இல் நூலாக எழுதினார். நம்பிக்கையுடன் முடியும் அந்நூல் வெளியாகிப் பத்தாண்டுகளுக்குப் பின் நோய் அவரை மீண்டும் பற்றியது. நோய் திரும்பியதால் இடைப்பட்ட ஆண்டுகளின் மீட்சி பொய்யாகிவிடாது. இந்தியத் திரைக்கலைஞர் தீபிகா படுகோன் 2015 இல் தமது மனச்சோர்வு பற்றிப் பொதுவெளியில் பேசினார். நோய் திரும்பக்கூடும் என்ற எண்ணம் தமக்கு உண்டு என்பதையும் பின்னர் கூறியுள்ளார்.

இந்தியாவிலும் இலங்கையிலும்

தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16 இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறுவதில்லை. மருத்துவர் பற்றாக்குறையுடன், "பைத்தியம்" என்ற பட்டம் வந்துவிடும், திருமணம் தடைப்படும் என்ற அச்சமும் இதற்குக் காரணமாகும். குணமடைந்தவர்களும் இதனால் தாம் குணமடைந்ததை வெளியே சொல்வதில்லை. மீண்டவர்கள் மறைந்தும் மீளாதவர்கள் வெளிப்பட்டும் இருப்பதால், இந்நோய் தீராது என்ற எண்ணம் சமூகத்தில் நிலைபெறுகிறது.

சிறப்பு மருத்துவர் இல்லாத இடத்திலும் மீட்சி இயலும் என்பதைக் கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் நடத்திய ஆய்வு காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 495 பேரில் ஒரு பகுதியினருக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் 6 முதல் 8 அமர்வுகள் வரை எளிய உளச்சிகிச்சை அளித்தனர். மூன்று மாதங்களில் இவர்களில் 64 விழுக்காட்டினரும், வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினரும் தணிவு நிலையை அடைந்தனர். இம்முடிவு 2017 இல் வெளியானது.

இலங்கையின் வடக்கில் போரின் உளத்தாக்கங்களை ஆராய்ந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், குடும்பமும் ஊரும் சிதைந்த நிலையில் தனியொருவருக்கான சிகிச்சை மட்டும் போதாது என்பதையும், சமூகமாக மீள வேண்டியதன் தேவையையும் வலியுறுத்தியுள்ளார்.

"முழுமையான குணம்" பற்றிய கருத்து வேறுபாடு

மனச்சோர்வை நீரிழிவு போன்ற நாட்பட்ட நோயாகக் கருத வேண்டும் என்பது ஒரு சாராரின் வாதமாகும். நோயாளர் மருந்தை இடையில் கைவிடாமல் இருக்க இந்த ஒப்பீடு உதவுகிறது. ஒருமுறை மட்டும் பாதிக்கப்பட்டவர்களையும் வாழ்நாள் நோயாளராக்கிவிடுகிறது என்பது மறுசாராரின் எதிர்வாதமாகும்.

உளவியலாளர் ஜொனதன் ராட்டன்பர்க் குழுவினர், மனச்சோர்வுக்கு ஆளானவர்களின் பத்தாண்டுகளுக்குப் பிந்தைய நிலையை ஆராய்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், நோய் நீங்கியதோடு நில்லாமல் மகிழ்ச்சி, உறவு, வாழ்வின் நோக்கு ஆகிய அனைத்திலும் உயர்ந்த நிலையில் இருந்தனர். நோய்க்கு ஆளாகாதவர்களிடையே இவ்விகிதம் ஏறத்தாழ 20 விழுக்காடு. மனச்சோர்வு அந்த வாய்ப்பைக் குறைக்கிறது, ஆனால் இல்லாமல் செய்துவிடுவதில்லை என்பதே இதன் பொருளாகும்.

தனியொருவரைக் குறித்து, அவர் இனி எப்போதும் நலமாக இருப்பார் என்றோ இருக்கமாட்டார் என்றோ முன்கூட்டியே சொல்லும் முறை எதுவும் இன்று இல்லை. ஆகையால் மீண்டவர்கள், உறக்கம் குலைதல், நண்பர்களைத் தவிர்த்தல் போன்ற தமக்கே உரிய முன்னறிகுறிகளைக் குறித்து வைத்து, அவை தென்பட்டதும் உதவி நாடுவது பரிந்துரைக்கப்படுகிறது.

உதவி பெறல்

சிகிச்சையால் பயன் இல்லாதபோது, தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, உயிர்ச்சத்து பி12 குறைபாடு, இருமுனைக் கோளாறு ஆகியவை உள்ளனவா என மருத்துவர் ஆராய்வார். நம்பிக்கையின்மை இந்நோயின் ஓர் அறிகுறியே ஆதலால், "எனக்கு மட்டும் குணமாகாது" என்று நோயின் நடுவில் தோன்றும் எண்ணத்தை நோய்க்கணிப்பாகக் கொள்ளுதல் ஆகாது. தற்கொலை எண்ணம் உள்ளவர்களைத் தனியே விடாது உடன் உதவி பெறல் வேண்டும்.

* இந்தியா: டெலி மானஸ், 14416 (2022 இல் தொடங்கப்பட்டது, தமிழிலும் பேசலாம்)
* இலங்கை: தேசிய மனநல உதவி இணைப்பு, 1926

இவற்றையும் பார்க்கவும்

* மனச்சோர்வு
* இருமுனைக் கோளாறு
* அறிதிறன் நடத்தைச் சிகிச்சை
* தற்கொலைத் தடுப்பு